கல்லுல யார் பேரு?

ஐயம்பேட்டையைச் சுத்தி ஒரு நாள் டூர்... ரெண்டு பைக், நாலு பேர், ஆயிரத்து நானூறு வருஷம்!

காஞ்சிபுரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை, கோயில் இட்லி, ஸ்கூல் டூர்ல கைலாசநாதர் கோயில் வாசலில் எடுத்த குரூப் போட்டோ... கரெக்ட்டா? தப்பே இல்லை பாஸ். ஆனா நீங்க பார்க்காம விட்ட அயிட்டங்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கு.

காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில், முத்தியால்பேட்டையை ஒட்டி வரும் ஊர் ஐயம்பேட்டை. (தஞ்சாவூர் பக்கத்து ஐயம்பேட்டையோட குழப்பிக்காதீங்க!) இது பட்டு நெசவு ஊர். இந்த ஊரை நடுவில் வைத்து மேப்பில் நேர்கோட்டுக் கணக்கில் 25 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்க. அந்த வட்டத்துக்குள்ள ஒரு பழைய ஹாஸ்டல் இருக்கு, ஒரு எலெக்ஷன் ரூல்புக் இருக்கு, ராக்கெட் பறந்த ஒரு போர்க்களம் இருக்கு. எதுக்கும் டிக்கெட் எடுக்க க்யூவில் நிற்க வேண்டாம்.

இந்த வட்டாரம் ரொம்ப காலத்துக்கு எல்லை நிலம். சாளுக்கியர் வந்தாலும் சரி, மைசூர்ப் படை வந்தாலும் சரி, குறி வைத்தது காஞ்சியைத்தான். அதனால இங்கே சண்டையும் அதிகம், கல்வெட்டும் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் காசை நாலா ஷேர் பண்ணிக்கிட்டு நாங்க கிளம்பினோம். போற இடத்தில் எல்லாம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கணும்னு முடிவு பண்ணியிருந்தோம். அது தலைப்பிலேயே இருக்கு!

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு!

முதல் ஸ்டாப், திருமுக்கூடல். வாலாஜாபாத் தாண்டி செங்கல்பட்டு ரோட்டில் போனால் பழையசீவரம் வரும். அங்கே குன்றின் மேல் லட்சுமி நரசிம்மர் கோயில். கீழே பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேரும் இடம். எதிர்க்கரையில் திருமுக்கூடல். வருஷத்தில் பல மாசம் பாலத்திலிருந்து பார்த்தால் மணல்தான் தெரியும். அதை நம்பி ஆற்றைக் குறைச்சு எடை போட்டுடாதீங்க. 2021 நவம்பரில் இதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரத்துக்கு வருவார். அவர் வருவதும் நம்ம ஐயம்பேட்டை ரோட்டு வழியாத்தான். ஊர் ஊரா நின்னு மண்டகப்படி வாங்கிக்கிட்டு வரும் அந்த ஊர்வலம், இந்தச் சுற்றுவட்டாரத்தின் மிகப் பழைய ரூட் மேப்.

திருமுக்கூடலில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில். அதன் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒண்ணு நீளமா ஓடுது. தமிழ்நாட்டின் பெரிய கல்வெட்டுகளில் இதுவும் ஒண்ணு. அதில் என்ன இருக்கு தெரியுமா? கோயிலோடு சேர்ந்து நடந்த ஒரு கல்லூரி, அதன் விடுதி, ஒரு மருத்துவமனை - மூணுக்குமான வரவு செலவு பட்ஜெட்!

விடுதியில் சாப்பிட்டவர்கள் மொத்தம் 60 பேர். ரிக் வேதம் படித்தவர்கள் 10, யஜுர் வேதம் 10, இலக்கணம் 20, பாஞ்சராத்திரம் 10, சைவ ஆகமம் 3, வானப்பிரஸ்தர் முதலான துறவிகள் 7. கூட்டிப் பாருங்க, கணக்கு சரியா வரும். இலக்கண டிபார்ட்மென்ட்டுக்குத்தான் அப்பவே சீட் அதிகம்! ராத்திரி விளக்குக்கு எண்ணெய், படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்குத் தேய்ச்சுக் குளிக்க எண்ணெய்... எல்லாத்துக்கும் தனித்தனியா ஒதுக்கீடு. ஹாஸ்டல் வார்டன்கள் கவனிக்க!

மருத்துவமனைக்குப் பேரு 'வீரசோழன்'. ஆதுலர் சாலைன்னு சொல்லுது கல்வெட்டு. ஆதுலர்னா நோயாளி. மொத்தம் 15 படுக்கை. ஊர் முழுக்க உள்ளவங்களுக்கான ஆஸ்பத்திரி இல்லை இது. மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் மட்டும். ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டுவர ரெண்டு பேர், நோயாளியைக் கவனிக்க ரெண்டு பெண்கள், ஒரு நாவிதர். ஸ்டாக்கில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லிலேயே இருக்கு. தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம்னு பேர் போகுது. வைத்தியருக்கு வருஷச் சம்பளம் 90 கலம் நெல்லும் 8 காசும். ஆபரேஷன் பண்றவருக்கு 30 கலம் நெல். இன்னிக்கு சர்ஜன்கள் கேட்டால் கண்ணீர் விடுவாங்க!

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். வைத்தியரின் பேர் கல்லில் இருக்கு. ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ராத்திரி முழுக்க முழிச்சு நோயாளிகளைப் பார்த்துக்கிட்ட அந்த ரெண்டு பெண்களுக்கு? சம்பளம் இருக்கு, பேர் இல்லை.

அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டு!

பாலாற்றுக்குத் தெற்கே உத்திரமேரூர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுட்டு மறந்துபோன குடவோலை ஊர் இதுதான். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் மோடி பேச்சிலும் இந்த ஊர் வந்தது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் பொறித்த ரெண்டு கல்வெட்டுகள். முதல் கல்வெட்டு வயசு வரம்பு 30-லிருந்து 60-னு சொல்லுது. ரெண்டே வருஷத்தில் திருத்தம். 35-லிருந்து 70. அதாவது 'வெர்ஷன் 2.0'! சட்டத்தில் ஓட்டை தெரிஞ்சா உடனே சரி பண்ணியிருக்காங்க.

எலெக்ஷன் நடந்த விதம் இன்னும் சுவாரசியம். ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சிருக்காங்க. குடும்புன்னா இப்போ வார்டு. தகுதி உள்ளவங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடணும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு ஒரு ஓலையை எடுக்கச் சொல்லணும். அதை வாங்கும் மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில் வாங்கணும். எதுக்குன்னு புரியுதா? உள்ளங்கையில் வேற ஓலையை மறைச்சு வெச்சிருக்கக் கூடாதே! அப்புறம் எல்லார் காதிலும் விழும்படி சத்தமாப் படிக்கணும்.

தகுதி இல்லாதவங்க லிஸ்ட் அதைவிட செம. ஏற்கெனவே வாரியத்தில் இருந்துட்டு கணக்குக் காட்டாதவர் அவுட். அவர் மட்டுமா? சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமான்னு சொந்தக்காரங்களும் சேர்ந்து அவுட்! 'கூடலேகை' செய்தவரும், அதாவது பொய்ப் பத்திரம் எழுதினவரும் அவுட். மூணு வருஷத்துக்குள்ள பதவியில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஆண்டு வாரியத்துக்கு 12 பேர். அந்த ஏரி வாரியம் பார்த்துக்கிட்ட வைரமேகத் தடாகம்தான் இப்பவும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் உத்திரமேரூர் ஏரி.

ஆனா ஒரு நிமிஷம். 'உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்'னு ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி தகுதிப் பட்டியலையும் முழுசாப் படிங்க. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். இது ஒரு பிராமணர் ஊரின் சபை. அந்த நிலத்தில் உழுதவங்க, ஏரியில் தூர் எடுத்தவங்க, ஊரில் இருந்த பெண்கள்... இவங்க யார் பேரும் அந்தக் குடத்துக்குள்ள போயிருக்காது. கணக்குக் காட்டாதவனை விடாத அந்தக் கறார்தனத்துக்கு ஒரு சல்யூட். குடத்துக்கு வெளியே நின்னவங்களையும் நினைச்சுக்கிட்டே அந்த சல்யூட்டை அடிக்கணும்.

ராக்கெட் பறந்த வயல்

அடுத்து வடக்கே ஒரு லாங் ட்ரைவ். காஞ்சிக்கு வடக்கே புள்ளலூர். இங்கிலீஷ்காரங்க வாயில் 'பொள்ளிலூர்' ஆன ஊர். பார்த்தா சாதாரண கிராமம். நெல் வயல், பனைமரம், ஆடு மேய்க்கிற தாத்தா. ஆனா இந்த மண்ணில் மூணு முக்கியமான சண்டை நடந்திருக்கு.

முதல் சண்டை, கி.பி. 620-ஐ ஒட்டி. பல்லவ மகேந்திரவர்மனுக்கும் சாளுக்கிய இரண்டாம் புலிகேசிக்கும். ஜெயிச்சது யார்? அங்கேதான் காமெடி. பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை அழித்தான்னு சொல்லுது. எதிரியின் பேரைச் சொல்லலை. சாளுக்கியர்களின் ஐஹொளே கல்வெட்டு (634), பல்லவர் தலைவனைக் காஞ்சிக் கோட்டை மதிலுக்குப் பின்னால் ஒளிய வெச்சோம்னு சொல்லுது. அதிலும் பல்லவனின் பேர் இல்லை. ரெண்டு பக்கமும் 'நாங்கதான் வின்னர்'னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு, எதிராளியை டேக் பண்ணாம விட்டுட்டாங்க! ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு ஆய்வாளர்கள்தான் இந்தக் கதையைச் சேர்த்தாங்க. 642-ல் மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் வாதாபிக்கே போய் பதிலடி கொடுத்தது தனிக் கதை.

ரெண்டாவது சண்டை, 1780 செப்டம்பர் 10. இது நம்ம இன்ஜினீயரிங் ஆட்களுக்கான ஸ்பெஷல். அந்த வருஷம் ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கிட்டார். கம்பெனி தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் முகாம். பக்ஸார் போரில் ஜெயிச்ச பெரிய ஆள். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையோடு அவரைச் சேர வந்துக்கிட்டிருந்தார். செப்டம்பர் 6-ம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறிச்சார். ரெண்டு கம்பெனிப் படைக்கும் நடுவில் சுமார் 14 மைல்தான். இன்னிக்கு பைக்கில் அரை மணி நேரம். ஆனா அந்த 14 மைலைக் கடைசிவரை கடக்கவே முடியலை.

புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் சேர்ந்து பெய்லியை வளைச்சாங்க. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை. மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடிச்சுச் சிதறின. அதைக் கொளுத்தியது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் எழுதினவங்களுக்குள்ள ஒத்த கருத்து இல்லை. பெய்லி சரணடைஞ்சார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாப் போய் 1782-ல் அங்கேயே இறந்தார். செய்தி கேட்ட மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் குளத்தில் தள்ளிட்டு செங்கல்பட்டு பக்கம் பின்வாங்கினார். இந்தியாவில் கம்பெனி அதுவரை அப்படி ஒரு அடி வாங்கினதில்லை.

அந்த ராக்கெட்டில் என்ன விசேஷம்? அப்போ ஐரோப்பாவில் ராக்கெட்டுக்கு அட்டைக் குழாய்தான். மைசூரில் இரும்புக் குழாய். இரும்பு என்றால் உள்ளே அழுத்தம் அதிகம் தாங்கும், அதனால் தூரமும் அதிகம். மூங்கில் கழியில் கட்டி விட்டால் ஒன்றரை, ரெண்டு கிலோமீட்டர்கூடப் பறக்கும். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு மிச்ச ராக்கெட்டுகள் இங்கிலாந்து போச்சு. அதை வெச்சு வில்லியம் காங்கிரீவ் 1804-05-ல் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1814-ல் பால்டிமோர் கோட்டை மேல் பாய்ந்த அந்த ராக்கெட்டுகள்தான் அமெரிக்க தேசிய கீதத்திலும் இடம் பிடிச்சது. 1960-களில் நாசாவின் வாலப்ஸ் மையத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே மாட்டியிருந்த திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்து அசந்துபோனதை 'அக்னிச் சிறகுகள்' படிச்சவங்க மறந்திருக்க மாட்டீங்க.

புள்ளலூர் போர் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமா இருக்கு. அதே போரைக் காட்டும் இன்னொரு ஓவியம் 2022 மார்ச்சில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போச்சு. நம்ம ஊர் வயல், லண்டனில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல!

மூணாவது சண்டை, 1781 ஆகஸ்ட் 27. கம்பெனியின் ஐர் கூட் பழைய கணக்கைத் தீர்க்க அதே களத்துக்கு ஹைதரைத் தேடி வந்தார். அன்னிக்கு யாருக்கும் முழு வெற்றி இல்லை. அதில் இறந்த ரெண்டு அதிகாரிகள், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப். அவங்களுக்காக எழுப்பிய ரெண்டு கூம்புத் தூண்கள் இன்னிக்கும் புள்ளலூரில் நிக்குது.

அந்தத் தூண் பக்கத்தில் நிக்கும்போது என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். "மச்சி, இவ்ளோ பேர் செத்த இடத்தில் ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் கல்லா?" ஆமாம். கம்பெனிப் படையில் பெரும்பாலானவங்க நம்ம ஊர் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் பேசினவங்க. எதிர்ப்பக்கம் செத்தவங்களும் இந்த நாட்டுக்காரங்கதான். எதிரெதிரா நின்னு செத்தவங்களுக்கு அந்த வயலில் ஒரு பலகைக்கல் நட ஆள் இல்லை.

பார்டர்... புடவையில்!

சாயங்காலம் ஐயம்பேட்டைக்குத் திரும்பினோம். இங்கே பார்க்க அரண்மனை இல்லை, கல்வெட்டைத் தேடியும் நாங்க வரலை. பேட்டைன்னாலே தொழில் செய்றவங்க, வியாபாரிகள் சேர்ந்து வாழ்ற குடியிருப்பு. இந்தப் பேட்டையின் வரலாற்றுச் சின்னம் வீட்டுக்குள்ள இருக்கு. தறி.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம். ரெண்டையும் தனித்தனி நாடா போட்டு நெய்து, சேரும் கோட்டில் இழையோடு இழை கோர்க்கணும். மூணு நாடா ஓடும். ஒரு கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் இன்னொரு ஆள் வேணும். பல வீடுகளில் அந்த இன்னொரு ஆள் மனைவியோ, பிள்ளையோதான். ராஜாக்களின் எல்லைகள் எத்தனையோ தடவை மாறிப்போச்சு. இவங்க கோர்த்த எல்லை பீரோவில் முப்பது வருஷம் இருந்தாலும் பிரியாது.

தறிக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. அட்டையில் ஓட்டை இருந்தா ஒரு இழை தூக்கும், இல்லாட்டி தூக்காது. ஒண்ணு, சைபர்! பிரான்ஸில் 1804-ல் வந்த அந்த அட்டை ஐடியாவைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கிட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களே, உங்க டிபார்ட்மென்ட்டின் தாத்தா வீடு இதுதான். இப்போ எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்தாச்சு.

2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. நல்ல விஷயம். ஆனா அந்தப் பேரில் ஐயம்பேட்டை இல்லை, முத்தியால்பேட்டை இல்லை. நெய்தவர் பேர் சுத்தமா இல்லை. கடையில் கண்ணாடி ஷோகேஸில் கடை பேர் பெருசா இருக்கும். திருமுக்கூடலின் ரெண்டு செவிலிப் பெண்கள், புள்ளலூரின் சிப்பாய்கள், அந்த வரிசையில் இவங்களும். ஒரு வித்தியாசம்தான்... இவங்க இன்னும் நம்ம பக்கத்துத் தெருவில் இருக்காங்க. போய் 'உங்க பேரு என்னங்க'ன்னு கேட்க முடியும்!

கிளம்புறதுக்கு முன்னாடி...

* ட்ரெயின் பிரியர்களுக்கு: செங்கல்பட்டு - அரக்கோணம் லைனில் பழையசீவரம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் மூணுமே ஸ்டேஷன்கள். புள்ளலூருக்கும் உத்திரமேரூருக்கும் ரோடுதான்.

* கோயில்கள் மத்தியானம் நடை சாத்திடுவாங்க. திருமுக்கூடலைக் காலையிலேயே முடிச்சுடுங்க.

* கல்வெட்டை போட்டோ எடுக்க காலை, மாலை வெயில்தான் பெஸ்ட். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தா எழுத்து தானா எழும்பி வரும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீங்க. கல் கெட்டுப்போகும்.

* தொல்லியல் துறைச் சின்னத்தில் 'ஐ லவ் யூ' கீறும் ரோமியோக்களுக்கு: 2010 சட்டத் திருத்தப்படி ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இத்தனை பேருக்குக் கிடைக்காத கல்லில் உங்க பேரைக் கீறுறதுக்கு கொஞ்சம் கூச்சமும் படலாம்.

அடுத்த செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்களா? உங்க ஊரில், உங்க தெருவில் தறி ஓட்டுறவங்களிடம் ஒரு நோட்டோடு போய் உட்காருங்க. எந்த வயசில் தறியில் உட்கார்ந்தாங்க, யாரிடம் கத்துக்கிட்டாங்க, ஒரு புடவைக்கு எத்தனை நாள், கைக்கு வந்த கூலி எவ்வளவு, தறியில் ஒவ்வொரு உறுப்புக்கும் அவங்க சொல்ற பேர் என்ன - எல்லாத்தையும் எழுதிக்குங்க. அவங்க சம்மதிச்சா பேரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்க. வைத்தியரின் நெல்லுக் கூலியை யாரோ ஒருத்தர் கல்லில் வெட்டி வெச்சதால்தான், ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு நம்ம கையில் அந்தக் கணக்கு இருக்கு. கல் வெட்டத் தெரியாட்டியும் பரவாயில்லை. நமக்குப் பேனா இருக்கு, செல்போன் இருக்கு, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கு.